ரஷீத் மக்லூஃபி: இரு கரைகளின் நினைவில் ஒரு கால்பந்து வீரர்



2024 நவம்பர் 8ஆம் நாள் ரஷீத் மக்லூஃபி தமது 88ஆம் வயதில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இன்றைய இளைஞர்களில் பெரும்பாலோர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எனினும் அன்று மத்தியதரைக் கடலின் இரு கரைகளிலும் முதியவர்கள் அவருக்காகக் கலங்கினர். வடகரையில் பிரான்சின் செயின்ட் எட்டியென் நகரம்; தென்கரையில் அல்ஜீரியா. 1957இல் பத்து வயதுச் சிறுவனாக அவரது ஆட்டத்தைக் கண்டு வியந்தவருக்கு, அவர் மறைந்த நாளில் 77 வயது. அவ்வயதிலும் ஒருவர் தம் பால்யகால வீரரை மறவாதிருப்பது இயல்புதான். ஆனால் இவ்விரு கரைகளுக்குமிடையே ஏறத்தாழ எட்டாண்டுகள் கொடிய போர் நடந்தது. போரிட்ட இரு நாடுகளின் பிள்ளைகளும் ஒரே மனிதரைத் தங்கள் பால்யத்தின் நாயகராக நெஞ்சில் வைத்திருந்தார்கள் என்பதே வியப்பு.

அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விளையாட்டைப் பற்றிய செய்திதானே என்று எளிதில் கடந்து செல்ல இயலாத ஒரு கேள்வி இவ்வரலாற்றினுள் உள்ளது. தான் வாழும் ஊரை நேசிப்பதும், அவ்வூரை ஆள்வோரின் அநீதிக்குத் துணைபோக மறுப்பதும் ஒரே உள்ளத்தில் கூடியிருக்க இயலுமா? உலகின் பல பகுதிகளில் சிறுபான்மையாக வாழும் முஸ்லிம்களிடம் இக்கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது.

ஸத்தீஃப் நகரத்துச் சிறுவன்

மக்லூஃபி 1936 ஆகஸ்ட் 12ஆம் நாள் கிழக்கு அல்ஜீரியாவின் ஸத்தீஃப் நகரில் பிறந்தார். அக்காலத்தில் அல்ஜீரியா பிரான்சின் ஒரு பகுதியாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும் மண்ணின் மைந்தர்களான முஸ்லிம்களுக்குச் சம உரிமை இல்லை. நல்ல விளைநிலங்கள் ஐரோப்பியக் குடியேறிகளின் கையில் இருந்தன. வாக்குரிமையிலும் கல்வியிலும் வேலையிலும் பாகுபாடு நிலவியது.

1945 மே 8ஆம் நாள் இரண்டாம் உலகப் போரின் வெற்றி கொண்டாடப்பட்டது. நாஜிகளின் பிடியிலிருந்து ஐரோப்பா விடுபட்ட அந்நாளில் ஸத்தீஃப் மக்களும் ஊர்வலம் சென்றனர். பிரான்சின் விடுதலைக்காகப் போர்க்களத்தில் நின்றவர்களில் அல்ஜீரிய வீரர்களும் இருந்தனர்; ஆதலால் தங்களுக்கும் விடுதலை வேண்டுமென்று அம்மக்கள் கேட்டனர். அல்ஜீரியக் கொடியை ஏந்தி நடந்த பூஸீத் ஸஅல் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் ஐரோப்பியர் ஏறத்தாழ நூறுபேர் உயிரிழந்தனர். அதற்கு அடுத்த வாரங்களில் ஸத்தீஃபிலும் கல்மா, கர்ராத்தா பகுதிகளிலும் இராணுவமும் ஆயுதமேந்திய குடியேறிகளும் பல்லாயிரம் முஸ்லிம்களைக் கொன்று குவித்தனர். அவ்வாண்டு மக்லூஃபிக்கு எட்டு வயது.

அத்தகைய நகரில் பந்து விளையாடி வளர்ந்தவர் அவர். உள்ளூர் முஸ்லிம் சங்கத்தின் அணியில் ஆடிய அவரது திறமை பிரான்சுவரை எட்டியது. 1954இல் தமது 18ஆம் வயதில் கடல் கடந்து செயின்ட் எட்டியென் அணியில் சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது. பிரான்சில் அவருடைய புகழ் வளர்ந்த ஆண்டுகளும் அவர் தாயகத்தில் போர் வளர்ந்த ஆண்டுகளும் ஒன்றே.

சுரங்கத் தொழிலாளர்களின் செல்லப்பிள்ளை

செயின்ட் எட்டியென் அழகிய சுற்றுலா நகரமன்று. நிலக்கரிச் சுரங்கங்களும் ஆயுதத் தொழிற்சாலைகளும் மிதிவண்டிப் பட்டறைகளும் நிறைந்த உழைப்பாளர் நகரம் அது. போலந்து, இத்தாலி, அல்ஜீரியா எனப் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் அதன் சுரங்கங்களில் தோளோடு தோள் நின்று உழைத்தனர். காசினோ என்னும் நிறுவனத்தின் பணியாளர்கள் தொடங்கிய சங்கமே பின்னர் அந்நகரின் கால்பந்து அணியாக வளர்ந்தது. பெயர் சூதாட்ட விடுதியை நினைவூட்டினாலும் காசினோ ஒரு மளிகைக் கடை நிறுவனமே. அக்கடைகளின் பச்சை நிறமே அணியின் சட்டைக்கும் வந்தது. ஆதலால் அவ்வணியினரை மக்கள் ‘பச்சையர்’ என்று அழைத்தனர்.

வாரம் முழுதும் பூமிக்கடியில் இருளில் உழைத்த மக்களுக்கு ஆட்ட நாள் ஒரு திருநாள். தந்தையர் தம் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி விளையாட்டரங்குக்கு அழைத்து வந்தனர். அங்கு அவர்கள் கண்ட இளைஞர் பேருருவம் படைத்தவர் அல்லர். முரட்டு வலிமையைக் காட்டிலும் நுண்ணறிவால் ஆடுபவர் அவர். எதிரணியினரைத் தள்ளிவிட்டுச் செல்லாமல் ஏமாற்றிச் செல்வார். கோல் அடிக்கவும் செய்வார். கோல் அடிக்கும் வாய்ப்பைத் தோழருக்கு ஏற்படுத்தியும் கொடுப்பார். கேமரூன் நாட்டைச் சேர்ந்த இயூஜின் ந்ஜோ லேயா அவருக்கு உற்ற துணையாக முன்களத்தில் ஆடினார். பயிற்சியாளர் ழான் ஸ்னெல்லா அவ்விளைஞரைத் தந்தையின் பரிவோடு வளர்த்தார்.

1957இல் செயின்ட் எட்டியென் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிரான்சின் முதல் பிரிவுப் பட்டத்தை வென்றது. அவ்வாண்டே இராணுவ வீரர்களுக்கான உலகக் கால்பந்துப் போட்டியில் பிரான்சு அணியோடு மக்லூஃபியும் வாகை சூடினார். பிரான்சின் தேசிய அணிக்கும் நான்கு முறை ஆடினார். 1958 கோடையில் ஸ்வீடனில் உலகக் கோப்பை நடைபெறவிருந்தது. அவ்வணிக்குரியோரின் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது. செயின்ட் எட்டியென் தெருக்களில் பந்தை உதைத்த சிறுவர்கள் தங்களை மக்லூஃபி என்று அழைத்துக்கொண்ட காலம் அது. 21 வயதில் ஒரு வீரர் கனவு காணக்கூடிய அனைத்தும் அவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன.

ஓர் ஏப்ரல் இரவு

அல்ஜீரியாவின் தேசிய விடுதலை முன்னணி, உலகின் கவனத்தைத் தன் மக்களின் துயரத்தின்பால் திருப்ப ஒரு வழியைத் தேடியது. முஹம்மத் பூமஸ்ராக் என்பவர் ஒரு திட்டம் வகுத்தார். பிரான்சின் அணிகளில் புகழ்பெற்று விளங்கும் அல்ஜீரிய வீரர்களை ஒரே நேரத்தில் இரகசியமாக வெளியேற்றி, துனிஸ் நகரில் அல்ஜீரியாவின் பெயரால் ஓர் அணியை அமைப்பதே அத்திட்டம்.

1958 ஏப்ரல் நடுப்பகுதியில் அது நிறைவேறியது. மொனாக்கோ அணியின் முஸ்தஃபா ஸைத்தூனி, அப்துல் அஸீஸ் பின் தைஃபூர், லியோன் அணியின் அப்துல் ஹமீத் கர்மாலி முதலியோர் வெவ்வேறு வழிகளில் பிரான்சை விட்டு வெளியேறினர். ஸைத்தூனி பிரான்சு தேசிய அணியின் தடுப்பரண். சில நாள்களில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகப் பிரான்சுக்காக ஆடவேண்டியவர். மக்லூஃபியை அழைத்துச் செல்ல வந்தவர்கள் ஸத்தீஃப் மண்ணோடு தொடர்புடைய கர்மாலியும் முக்தார் அரீபியும். அதற்குச் சற்றுமுன் நடந்த ஆட்டத்தில் மக்லூஃபியின் தலையில் அடிபட்டிருந்தது. அக்காயத்தோடேயே அவர் காரில் ஏறினார். சுவிட்சர்லாந்து எல்லையில் காவலர்கள் அவரை அடையாளம் கண்டனர் என்றும், புகழ்பெற்ற வீரர் என்பதால் மகிழ்ந்து வழிவிட்டனர் என்றும் பின்னாளில் கூறப்பட்டது. செய்தி வானொலியில் பரவுமுன் அவர்கள் எல்லையைக் கடந்துவிட்டனர். எல்லோருக்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை; சிலர் வழியில் கைதாகினர்.

மக்லூஃபி எதனை விட்டுச் சென்றார் என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும். அவர் அப்போது பிரான்சின் கட்டாய இராணுவச் சேவையில் இருந்தார். ஆதலால் சட்டத்தின் பார்வையில் அவர் படையைவிட்டு ஓடியவர், அகப்பட்டிருந்தால் சிறைதான். உலகக் கோப்பை கைநழுவியது. அவர் இல்லாத பிரான்சு அணி ஸ்வீடனில் மூன்றாம் இடம் பெற்றது. ஊதியமும் புகழும் போயின. போர் எப்போது முடியும், எவர் வெல்வர் என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. மீண்டும் ஒருநாள் பச்சைச் சட்டை அணிய இயலும் என்னும் உறுதி அவருக்கு எள்ளளவும் இல்லை.

இங்கே நேர்மையோடு ஒன்றைக் கூற வேண்டும். அவர் தம் அணியோடு செய்திருந்த ஒப்பந்தத்தை இடைநடுவில் விட்டுச் சென்றார். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது நம் மார்க்கத்தில் மிகப் பெரிய கடமை. இந்நிகழ்வை வெறும் வீரக்கதையாகச் சொல்வோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஒருபுறம் கொல்லப்படும் தம் மக்கள். மறுபுறம் தம்மை வளர்த்த அணி. இரண்டு பொறுப்புகளும் மெய்யானவை. ஒன்றை நிறைவேற்றினால் மற்றொன்று காயப்படும் என்னும் நிலையில் அவர் பெரியதெனக் கருதியதைத் தேர்ந்தார். பட்ட கடனை மறந்தாரா என்பதற்கு விடை நான்காண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது.

பிரான்சிலேயே தங்கி ஆடிய அல்ஜீரிய வீரர்களும் உண்டு. குடும்பம், கடன், அச்சம் என ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை இருந்தது. உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. சென்றவர்களைப் போற்றுவதற்காக, தங்கியவர்களைத் தாழ்த்த வேண்டிய தேவையில்லை.

கொடி ஏந்திய நான்காண்டுகள்

துனிஸில் கூடிய அணிக்குச் சொந்த நாடு இல்லை. உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரமும் இல்லை. அவ்வணியுடன் ஆடும் நாடுகள் தண்டிக்கப்படும் என்று எச்சரிக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் துனீசியா, லிபியா, இராக், ஜோர்டான் முதலிய அரபு நாடுகளும், பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, யூகோஸ்லாவியா, சோவியத் யூனியன், சீனா, வடவியட்நாம் ஆகிய நாடுகளும் அவர்களை வரவேற்றன. நான்காண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் வெற்றி. 1961இல் பெல்கிரேடு நகரில் வலிமைமிக்க யூகோஸ்லாவிய அணியை 6-1 என்னும் கணக்கில் தோற்கடித்தனர். ஹனோயில் ஹோ சி மின் அவர்களைச் சந்தித்தார்.

ஆனால் அவ்வணியின் மதிப்பைக் கோல் கணக்கில் மட்டும் அளந்துவிட முடியாது. ஆட்டங்களுக்கு முன்னர் அல்ஜீரியக் கொடி ஏற்றப்பட்டது. அந்நாட்டின் விடுதலைப் பாடல் இசைக்கப்பட்டது. ஸத்தீஃபில் எந்தக் கொடியை ஏந்தியதற்காக ஓர் இளைஞர் சுடப்பட்டாரோ, அதே கொடி பிற நாடுகளின் அரங்குகளில் மரியாதையோடு ஏறியது. எல்லை கடந்து துனீசியாவில் தஞ்சமடைந்திருந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அக்காட்சி என்ன ஆறுதலைத் தந்திருக்கும் என்பதை நாம் உணர முடியும். வீடும் பள்ளிக்கூடமும் இழந்த சிறுவன் ஒருவன், தன் நாடு என்று ஒன்று உண்டு என்பதைப் பதினொருவரின் ஆட்டத்தில் கண்டான். அல்ஜீரியக் கரையில் மக்லூஃபியின் நினைவு வேரூன்றியது இவ்வாறுதான்.

மக்லூஃபிக்கோ அவை எளிய ஆண்டுகள் அல்ல. 21 வயது முதல் 25 வயது வரை ஒரு வீரரின் உடல் மலரும் காலம். அக்காலம் முழுதும் பெரிய போட்டிகள் எவையும் அவருக்கு இல்லை. எதிரணிகள் சில வேளைகளில் மிக எளியவை, பயணங்களோ நெடியவை. அவ்விழப்பை இதழ்களும் பதிவேடுகளும் எந்நாளும் ஈடுசெய்யப்போவதில்லை.

திரும்பி வந்த நாள்

1962 மார்ச்சில் எவியான் உடன்படிக்கை கையெழுத்தானது. ஜூலை 5ஆம் நாள் அல்ஜீரியா விடுதலை பெற்றது. மக்லூஃபி முதலில் சுவிட்சர்லாந்தின் செர்வெத் அணிக்குச் சென்றார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் அவருடைய பழைய ஆசான் ஸ்னெல்லா. அவ்வேளையில் செயின்ட் எட்டியென் ஒரு விசித்திரமான நிலையில் இருந்தது. அவ்வாண்டு பிரெஞ்சுக் கோப்பையை வென்ற அதே அணி, லீக் போட்டியில் பின்தங்கி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டிருந்தது. அணியின் தலைவர் ரோஜே ரோஷே, மக்லூஃபி திரும்பி வர வேண்டும் என விரும்பினார். 1962இன் இறுதியில் மக்லூஃபி திரும்பினார்.

அன்றைய பிரான்சின் சூழலை நினைத்துப் பார்க்க வேண்டும். போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பிரான்சின் ஒவ்வொரு நகரத்தையும் போலவே செயின்ட் எட்டியென் இளைஞர்களும் கட்டாயச் சேவையில் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் நாடெங்கும் இருந்தனர். அல்ஜீரியாவிலிருந்து இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கான ஐரோப்பியர் பெருங்கசப்போடு பிரான்சில் வந்திறங்கியிருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு, 1961 அக்டோபர் 17ஆம் நாள், பாரிஸில் அமைதியாக ஊர்வலம் சென்ற அல்ஜீரியர்களைக் காவல்துறை கொன்றிருந்தது. அத்தகைய வேளையில், படையைவிட்டு வெளியேறி எதிர்த்தரப்பின் கொடிக்கு ஆடிய ஒருவர் அதே அரங்கில் மீண்டும் கால்வைத்தார். ஏச்சும் பேச்சும் எழும் என்றே பலரும் எதிர்பார்த்தனர்.

அந்நாளைப் பற்றி மக்லூஃபி பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். அவர் களத்தில் இறங்கியபோது அரங்கம் முழுதும் மௌனம் நிலவியது. பந்து அவரிடம் வந்தது. பழைய பாணியில் ஒருவரை, பின்னர் மற்றொருவரை ஏமாற்றி முன்னேறினார். அரங்கம் கைத்தட்டி ஆர்ப்பரித்தது. அத்துடன் எல்லாம் முடிந்தது. அதன்பின் அவ்வூரில் எவரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை.

அம்மக்கள் ஏன் அவ்வாறு நடந்துகொண்டனர்? சில காரணங்களை நாம் எண்ணிப் பார்க்கலாம். முதலாவது, அவர் சென்றது பணத்திற்காகவோ பெரிய அணிக்காகவோ அல்ல. தமக்கு இழப்பைத் தரும் பாதையிலேயே அவர் சென்றார் என்பதை உழைக்கும் மக்கள் புரிந்துகொண்டனர். இரண்டாவது, வெளியேறிய பின்னர் அவர் அந்நகரையோ அதன் மக்களையோ பகைவராகப் பேசவில்லை. அரசின் கொள்கை வேறு, தம்மை வளர்த்த மக்கள் வேறு என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. மூன்றாவது, அந்நகரமே பல நாட்டவர் கலந்து உழைத்த நகரம். தன் மண்ணை விட்டு வந்தவன் தன் மண்ணை மறப்பதில்லை என்பதைப் போலந்துக்காரரும் இத்தாலியரும் தங்கள் வீட்டிலேயே அறிந்திருந்தனர். நான்காவது, அவர் திரும்பியது அணி தாழ்ந்து கிடந்த வேளையில். இரண்டாம் பிரிவு ஆட்டங்களில் அவருக்குப் பெரும்புகழ் காத்திருக்கவில்லை.

பட்ட கடனை அவர் தீர்த்த விதம் இதுவே. 1963இல் செயின்ட் எட்டியென் இரண்டாம் பிரிவை வென்று மேலேறியது. அதற்கடுத்த ஆண்டிலேயே, 1964இல், முதல் பிரிவின் பட்டத்தையும் வென்றது. 1967, 1968 ஆண்டுகளிலும் பட்டம் அவ்வணிக்கே கிடைத்தது. 1968 மே 12ஆம் நாள் நடந்த பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் போர்தோ அணியைச் செயின்ட் எட்டியென் 2-1 என வென்றது. இரு கோல்களையும் அடித்தவர் மக்லூஃபி. அவ்வெற்றிக்குப் பின் அந்நாட்டு அதிபர் சார்லஸ் தெ கோல் அவரை வாழ்த்தினார். பத்தாண்டுகளுக்கு முன் எந்த நாட்டின் படையிலிருந்து தப்பிச் சென்றாரோ, அந்நாட்டின் தலைவரே அவர் கையைப் பற்றினார். அதற்காக அவர் தம் கடந்த காலத்தை மறுக்கவுமில்லை, மன்னிப்புக் கோரவுமில்லை.

பின்னர் அவர் அல்ஜீரியாவிற்கும் பணியாற்றினார். 1982இல் ஸ்பெயினில் நடந்த உலகக் கோப்பையில், மஹீத்தீன் காலிஃபுடன் இணைந்து அல்ஜீரிய அணியை வழிநடத்தினார். ஜூன் 16ஆம் நாள் ஹிஹோன் நகரில் அவ்வணி மேற்கு ஜெர்மனியை 2-1 என வீழ்த்தியபோது உலகமே வியந்தது. விடுதலை அணியின் ஆட்டங்களைப் பற்றித் தந்தையர் சொல்லக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் கண்கூடாகக் கிடைத்த காட்சி அது.

நேசமும் நீதியும்

இவ்வரலாற்றை மார்க்கத்தின் ஒளியில் நோக்கும்போது மூன்று செய்திகள் நம் சிந்தனைக்கு உரியவை. ஒரு விளையாட்டு வீரரைப் புனிதராக்குவது நம் நோக்கமன்று. அல்ஜீரியப் போரில் இரு தரப்பிலும் அப்பாவிகள் உயிரிழந்தனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. எனினும் நல்லதை நல்லது என்று ஏற்பது நம் கடமை.

முதலாவது, ஊர்ப்பற்றும் நீதியும். நபி (ஸல்) அவர்கள் மக்காவைவிட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையில் அந்நகரை நோக்கி, அது தமக்கு எவ்வளவு பிரியமானது என்பதையும், அதன் மக்கள் வெளியேற்றியிராவிட்டால் அதை விட்டுச் சென்றிருக்க மாட்டார்கள் என்பதையும் வெளிப்படுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்களின் அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றதையும் சீறா நூல்கள் கூறுகின்றன. அந்தப் பெருநிகழ்வோடு எந்த மனிதரின் பயணத்தையும் நாம் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. ஆனால் அதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அநீதியிலிருந்து விலகுவதற்கு ஊரை வெறுக்க வேண்டியதில்லை. விலகும்போதும் அவ்வூராரின் உரிமை நம் கழுத்தில் உள்ளது. மக்லூஃபி திரும்பி வந்து இரண்டாம் பிரிவில் உழைத்ததை இவ்வளவுகோலால் பார்க்கையில் அதன் மதிப்பு விளங்கும்.

இரண்டாவது, எதிர்த்தரப்பின் நற்பண்பை ஏற்கும் நேர்மை. ஒரு சமூகத்தின்மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது சூரா அல்மாயிதாவின் எட்டாம் வசனம் தரும் கட்டளை. செயின்ட் எட்டியென் மக்கள் முஸ்லிம்கள் அல்லர். அவ்வசனத்தை அவர்களில் எவரும் ஓதியிருக்கவும் மாட்டார்கள். ஆயினும் அன்றைய அரங்கில் அவர்கள் வெறுப்பை விலக்கி நீதியோடு நடந்துகொண்டனர். பிரான்சு அரசின் கொடுமையைச் சொல்லும் நாம், அம்மக்களின் கைத்தட்டலையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விழுங்குவது சாட்சியத்தை மறைப்பதாகும்.

மூன்றாவது, நேசத்தின் அளவு. மனிதர் எவரை நேசிக்கிறாரோ அவருடனே இருப்பார் என்னும் நபிமொழியைக் கேட்டு, இஸ்லாத்திற்குப் பின் இதனைப் போல் எதற்கும் நாங்கள் மகிழ்ந்ததில்லை என்னும் கருத்தில் அனஸ் (ரலி) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. நேசம் அவ்வளவு பாரமான ஒன்று. எனவே எவரை, எதற்காக நேசிக்கிறோம் என்று ஆராய வேண்டும். நேசிப்பவரை அளவோடு நேசிக்க வேண்டும் என்னும் அறிவுரை அலீ (ரலி) அவர்களின் கூற்றாக நம் நூல்களில் இடம்பெற்றுள்ளது.

நம் மதரஸா மாணவர்களின் பைகளிலும் இன்று கால்பந்து வீரர்களின் படங்கள் இருக்கின்றன. மஃரிபுக்குப் பின் குர்ஆன் ஓத வரும் பிள்ளைகள், வரும் வழியிலேயே முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றி விவாதிக்கின்றனர். அவர்களைக் கடிந்து அப்படங்களைப் பிடுங்குவது எளிது. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடுவதைத் தடுக்கவில்லை. ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயத்திலும் கலந்துகொண்டார்கள். தொழுகையும் கல்வியும் கெடாதவரை, ஆட்டத்தைக் கண்டு மகிழும் பிள்ளையின் மகிழ்ச்சியை நாம் கெடுக்க வேண்டியதில்லை. அதற்கு மாறாக ஒரு கேள்வியை அவர்களிடம் கேட்டுப் பழக்கலாம்: ‘இந்த வீரர் எத்தனை கோல் அடித்தார் என்று சொன்னாய், நியாயத்திற்காக எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறாரா?’

விடை ‘இல்லை’ என்று வந்தால் அது குற்றமன்று. அந்த வீரர் நன்றாக ஆடுபவர், அவ்வளவே. அவருக்கு உள்ளத்தில் அதற்குரிய இடத்தைக் கொடுத்தால் போதும். விடை ‘ஆம்’ என்று வந்தால், அப்பிள்ளை தன் எழுபதாம் வயதிலும் நினைவில் வைத்திருக்கத் தகுந்த ஒன்றைக் கண்டுகொண்டான் என்று பொருள். செயின்ட் எட்டியென் முதியவர் மக்லூஃபியின் கோல்களை நினைக்கும்போது அவர் ஒருநாள் தம்மை விட்டுச் சென்றதையும் சேர்த்தே நினைக்கிறார். அல்ஜீரிய முதியவர் அவரது கொடியை நினைக்கும்போது அவர் மீண்டும் பிரான்சுக்குத் திரும்பியதையும் சேர்த்தே நினைக்கிறார். இருவரும் தங்கள் வீரரை முழுமையாகவே ஏற்றுக்கொண்டனர்.

தாம் வாழும் ஊருக்கு நன்மை செய்பவர்களாகவும், அநீதியின் முன் தலைகுனியாதவர்களாகவும், தாம் பட்ட கடனை மறவாதவர்களாகவும் நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. மறைந்த சகோதரர் ரஷீத் மக்லூஃபியின் பிழைகளைப் பொறுத்து, அவர்மீது ரஹ்மத் பொழிவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.